வலி மாத்திரையும் நூல் விட்ட தயிரும்

ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் திவ்யா போன் செய்தாள். பழைய லேபில் எனக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்த பெண்.

"அக்கா, உயிருள்ள பாக்டீரியாவே வேண்டாம், அது விட்டுட்டுப் போற பொருளே போதும், வயித்துல புண்ணு வராம காக்கும்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. நீங்க அப்பவே அதைப் பண்ணிப் பாத்தீங்களாமே? அப்புறம் ஏன் அது மருந்தா வரல?"

ஒரு நாள் வந்து சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் என் வீடு சின்னது. ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஏன் மருந்தாக வரவில்லை என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியில் என் அக்கா வர மாட்டாள், மாமா வர மாட்டார். ஹெக்டே மேடம்கூட முழுசாக வர மாட்டார். அதனால் எழுதியே பார்க்கிறேன்.

நான் சிவாஜிநகர் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அப்பா துணிக்கடையில் வேலை பார்த்தார். பி.எஸ்சி. முடித்து, தொண்ணூற்றொன்றில் ஒசூர் ரோட்டில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவது, பாக்டீரியா வளர்க்க மீடியா காய்ச்சுவது, கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் விசில் அடிக்கும்வரை பக்கத்தில் நிற்பது, இப்படியே போனது. அதற்குப் பிறகுதான் டாக்டர் சுமித்ரா ஹெக்டே எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார்.

மேடம் கர்நாடகத்தில் சிர்சி பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு, காட்டன் புடவை. லேபில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே படிப்பார், நின்றுகொண்டே டீ குடிப்பார். என்னிடம் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். நாம் ஒரு ரிசல்ட்டைச் சந்தோஷமாகக் கொண்டுபோய் நீட்டினால் முழுசாகப் பார்த்துவிட்டு, "ஆமேலே?" என்பார். கன்னடத்தில் 'அப்புறம்' என்று அர்த்தம். குரலில் கோபமும் இருக்காது, பாராட்டும் இருக்காது. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நாங்கள் எதையும் இரண்டு தடவை செய்துவிட்டுத்தான் அவரிடம் போவோம்.

ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு, "உங்க வீட்டுல தயிர் கெட்டுப்போச்சுன்னா கொட்டாதீங்க. கரண்டியால எடுத்தா நூல் மாதிரி இழுக்குதே, அந்தத் தயிர் எனக்கு வேணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நூல் விட்ட தயிரை எங்கள் வீடுகளில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாக்கடையில் ஊற்றுவோம். மேடம் சிரிக்கவில்லை. சில பாக்டீரியா வளரும்போது பசை மாதிரி ஒரு பொருளைச் சுற்றிலும் விடும், அதனால்தான் தயிர் இழுக்கிறது, அந்தப் பசை வயிற்றின் உள்சுவரில் படிந்தால் புண் வராமல் காக்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்.

மாரத்தஹள்ளியிலிருந்தும் மல்லேஸ்வரத்திலிருந்தும் டப்பா டப்பாவாகத் தயிர் வந்தது. நான் அடுகோடிக்குப் போய் என் அக்கா கனகா வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். அக்காவுக்கு வாய்த்த உறை மோர் அப்படி. கோடை வந்தால் அவள் வீட்டுத் தயிர் கட்டாயம் நூல் விடும், அவளும் அதைத் திட்டிக்கொண்டே கொட்டுவாள். வந்த டப்பாக்களில் அக்கா வீட்டுத் தயிரில் இருந்த பாக்டீரியாதான் நன்றாகப் பசை விட்டது. மேடம் அதைத் தனியாகப் பிரித்து வளர்க்கச் சொன்னார். நான் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அவளுக்கு ஒரே பெருமை. தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம், "எங்க வீட்டுத் தயிர்லருந்து மருந்து எடுக்கறாங்க" என்று சொல்லிவைத்தாள்.

சோதனையை எப்படிச் செய்தோம் என்று சொல்ல வேண்டும். எலிகளை முதல் நாளே பட்டினி போடுவோம், தண்ணீர் மட்டும் இருக்கும். காலையில் நுனி மழுங்கிய வளைந்த ஊசியால் தொண்டை வழியாக மருந்தை வயிற்றுக்குள் விடுவோம். கை நடுங்கினால் மருந்து மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், அதனால் எலியின் முதுகுத் தோலைப் பிடிப்பதிலேயே ரொம்ப நாள் பழக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் விட்டு வீரியமான ஆல்கஹாலைக் கொடுப்போம். அது வயிற்றுச் சுவரைக் கிழித்துவிடும். பிறகு மயக்க மருந்து கொடுத்து எலியின் உயிரை எடுத்து, வயிற்றை அதன் வளைவை ஒட்டி வெட்டித் திறந்து, உப்புநீரில் அலசி, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி விரிப்போம். மருந்து கொடுக்காத எலியின் வயிற்றில் செங்கோடுகள் நீளநீளமாக இருக்கும், பிரம்படி பட்ட முதுகு மாதிரி. அந்தக் கோடுகளை அளப்பது என் வேலை.

எந்த எலிக்கு எது கொடுத்தது என்று அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது. மேடமே தட்டுகளின் பெயரை டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேறு எண் எழுதுவார். "நல்லா வரணும்னு நீ ஆசைப்படறே, பாரும்மா. நானும் ஆசைப்படறேன். அதனால நம்ம ரெண்டு பேர் கண்ணையும் நம்பக் கூடாது" என்பார்.

முதலில் உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுத்தோம். புண் குறைந்தது. அடுத்து பாக்டீரியாவை முழுசாக வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த தெளிந்த நீரை மட்டும் கொடுத்தோம். டேப்பைப் பிரித்தபோது நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். பாக்டீரியா ஒன்றுகூட இல்லாத அந்த நீரும் வயிற்றைக் காத்திருந்தது. சில தட்டுகளில் கோடே இல்லை, ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தது. அக்கா வீட்டுத் தயிர்!

மேடம் தட்டுகளை வரிசையாகப் பார்த்தார். "ஆமேலே?" என்றார்.

அந்த அப்புறம்தான் என் நிம்மதியைக் கெடுத்தது. மேடம் பாக்டீரியாவையே சேர்க்காமல், அதே அளவுக்குப் புளிப்பேற்றிய வெறும் நீரையும் ஒரு கூட்டத்துக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த எலிகளுக்கும் புண் குறைந்திருந்தது. அவ்வளவாக இல்லை, ஆனால் குறைந்திருந்தது. வயிற்றை எதுவாவது லேசாக உறுத்தினால் அது உஷாராகித் தன்னைத் தானே காத்துக்கொள்ளும், அதன் பிறகு பெரிய அடி விழுந்தாலும் தாங்கும் என்று மேடம் விளக்கினார். அப்படியென்றால் காத்தது பாக்டீரியாவின் பசையா, அல்லது வெறும் புளிப்பா? பஸ்ஸில் போகும்போதும் இதே யோசனை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டிருக்கிறேன்.

மேலிடத்தில் யாருக்கும் இந்தச் சந்தேகம் இல்லை. எம்.டி.க்கு முதல் ரிசல்ட்டே போதுமாக இருந்தது. வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு வயிற்றுக் கவசம் என்று விற்பனைப் பிரிவு பேச ஆரம்பித்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் அக்கா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷன் செல்வராஜ் மாமா அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நாள் முழுக்க நின்று நின்று முட்டி தேய்ந்துபோய், பல வருஷமாக வலி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"வயிறு எரியுது எரியுதுன்னு ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்துக்கறாருடி. அந்த மருந்துல ஒரு பாட்டில் குடு."

"அக்கா, அது இன்னும் எலிக்குத்தான் குடுத்துப் பாத்துட்டு இருக்கோம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"டாக்டர் லீவு போடச் சொல்வாரு. லீவு போட்டா பட்டறைல வேற ஆளைப் போட்டுடுவாங்க. ஒரு பாட்டில்தானே கேக்கறேன்?"

"மனுஷனுக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதுக்கா."

"எங்க வீட்டுத் தயிர்டி அது. நான் தின்ன தயிர், இவர் தின்ன தயிர். அதுல என்ன விஷமா இருக்கப்போகுது? எங்க வீட்லருந்து எடுத்துட்டுப் போன பொருள் எங்களுக்கே இல்லையா?"

லேபில் அந்த நீரில் தயிர் மட்டும் இல்லை, பாக்டீரியாவுக்குத் தீனியாக என்னென்னவோ கலந்திருந்தோம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் லேப் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த நீர் இருந்த பாட்டில்கள் என்னையே பார்ப்பது போல இருந்தது. மேடமிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "எலி மனுஷன் இல்ல வசந்தி. உன் மாமாவை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நான் லீவு தரேன்" என்றார். நான் அடுகோடிக்குப் போனபோது மாமா பட்டறைக்குக் கிளம்பிப் போயிருந்தார். பட்டறை வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். "வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்மா, ஆர்டர் நெருக்குது" என்று உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைவரை உடம்பு தாங்கவில்லை. அதற்கு முன்பே ஒரு மத்தியானம், லேத்துக்குப் பக்கத்திலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார். பட்டறைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் ஆழமாகப் புண் விழுந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போடறார்?" அக்கா தன் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதுதான்மா ஓட்டை போட்டிருக்கு. இனிமே இதைத் தொடவே கூடாது."

மாமா பிழைத்துவிட்டார். ஆனால் லேத் வேலை போய்விட்டது. ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். விசேஷங்களில் என் இலைக்கும் பரிமாறுவாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று மேடம் மாமாவைப் பற்றி விவரமாகக் கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"வயிறு தன்னைத் தானே காத்துக்குதுன்னு சொன்னேன் இல்லையா? அதுக்கு உடம்புல ஒரு பொருள் சுரக்கணும். வலி மாத்திரை அதைத்தான் சுரக்க விடாது. மாத்திரை போட்டவங்க வயித்துல நம்ம மருந்து வேலை செய்யுமான்னு நாம இன்னும் கேக்கவே இல்ல. விக்கப்போறது அவங்களுக்குத்தான். கேக்கணும்."

இந்தத் தடவை எலிகளுக்கு முதலில் வலி மாத்திரை மருந்தைக் கொடுத்தோம். அப்புறம் எங்கள் தெளிந்த நீர், அப்புறம் ஆல்கஹால். டேப் ஒட்டிய தட்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன். எதைப் பார்த்தாலும் கோடு. இது மருந்து கொடுக்காத கூட்டமாக இருக்கும், அடுத்தது நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த தட்டை எடுப்பேன். அதிலும் கோடு. கடைசியில் மேடம் டேப்பைப் பிரித்தார். எங்கள் நீரைக் குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. பசையை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்த சின்னக் கூட்டத்தில் புண் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அது நிஜமா, எங்கள் ஆசையா என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

"மறுபடி செய்" என்றார். மறுபடி செய்தேன். அதேதான்.

எம்.டி.யைப் பார்க்கப் போகும்போது தட்டுகளின் படங்களை எடுத்துக் காட்ட மேடம் என்னையும் கூட்டிப்போனார். எம்.டி. கோயம்புத்தூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. என் மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஆள் அனுப்பி விசாரித்தவர். பேச்சு இங்கிலீஷில் நடந்தது.

"டாக்டர், எந்த மருந்து எல்லாருக்கும் வேலை செய்யுது? முன்னாடி செஞ்சதெல்லாம் நல்லா இருக்கே. அதைக் காட்டலாம். இதை லேபிள்ல சின்ன எழுத்துல போட்டுக்கலாம்."

"சார், இது யாருக்கு வேலை செய்யலையோ அவங்களுக்குன்னு சொல்லித்தான் நாம விக்கப்போறோம்."

"பசை கொஞ்சம் வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்க."

"செய்யலாம். இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு டைம் குடுங்க."

"டைம்தான் இல்ல. விற்பனை ஆளுங்க கடைக்காரங்ககிட்ட சொல்லியாச்சு."

மேடம் அங்கேயும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப என் கையெழுத்து இல்லாம விக்கணும்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் படங்களை அடுக்கினேன்.

ஆராய்ச்சித் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வயிற்றுப் புண்ணைப் பற்றி எதுவும் எழுத முடியாது. அதனால் அது ஜீரணத்துக்கான பவுடர் என்ற பெயரில் வந்து, யாரும் கவனிக்காமல் கடைகளில் இருந்து மறைந்தது. பசையைப் பற்றிய வேலை நின்றுபோனது. மேடத்தைத் தண்ணீர் பரிசோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலத்தில் ஒரு காலேஜுக்குப் பாடம் சொல்லித்தரப் போய்விட்டார். கடைசி நாள் என்னிடம், "அந்தப் பசையை முழுசாப் பாக்கல. அதுதான் உறுத்துது" என்றார். எனக்கும் இன்று வரை உறுத்துகிறது. திவ்யாவிடம் சொல்ல வேண்டிய பதில் இவ்வளவுதான். முடிவு தெரிந்து கைவிடவில்லை, பாதியில் விட்டுவிட்டோம்.

எம்.டி. ரூமிலிருந்து வந்த அந்த வாரம் எனக்கு வேறொரு தவிப்பு. அக்காவிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் மாமாவைக் காப்பாற்றியிருக்காது என்று சொன்னால் அவள் கோபம் தீரும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுகோடிக்குப் போனேன். அக்கா வாசல் பக்கம் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வா என்று சொல்லவில்லை. நானே எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நிற்காமல் கேட்டாள். கடைசியில், "இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

"இப்பதான்க்கா."

"நான் வந்து கேட்டப்ப?"

"தெரியாது."

"அப்ப, வேலை செய்யும்னுதான் நெனச்சிட்டு இருந்தே. நெனச்சிட்டே இல்லைன்னே."

"ஆமாக்கா."

அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரும்பி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாத்திரை போட்டவங்களுக்கு அது வேலை செய்யாதுன்னு சொன்னியே. நெசமா?"

"எலிக்கு வேலை செய்யல. ஏன்க்கா?"

எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். மாமா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு டம்ளர். உள்ளே தயிர், கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுத்தது. அக்கா அவர் தலையணையைத் தூக்கினாள். அடியில் மாத்திரை அட்டை, பாதி காலி.

"உங்க கம்பெனி டிரைவர் எதிர்த்த தெருவுலதான் இருக்கான். வயித்தைக் காக்கற மருந்து ரெடியாயிடுச்சு, அது உங்க வீட்டுத் தயிர்தான்னு சொல்லிட்டான். அதுலருந்து இவர் தெனமும் இதை ஒரு டம்ளர் குடிச்சுட்டு, மேலே ரெண்டு மாத்திரை போட்டுக்கறாரு. நான் சொன்னா கேக்கல."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் கண்டுபிடிப்புதாம்மா. நல்லாத்தான் இருக்கு, எரிச்சலே இல்ல."

எரிச்சல் தெரியாமலே புண் ஆழமாகலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எச்சரித்தது ஞாபகம் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அலசி விரித்த வயிறுகளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மாத்திரை முதலில், தயிர்நீர் பிறகு, அப்புறம் எத்தனை செங்கோடுகள் என்று. மேடத்தின் பேச்சு, எம்.டி.யின் பேச்சு, எல்லாம் சொன்னேன். அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்ப இது சும்மாவா?" என்று டம்ளரைக் காட்டினார்.

"உங்களுக்குச் சும்மாதான் மாமா."

"முட்டி வலிக்கு நான் என்ன பண்றது? அபார்ட்மெண்ட் கேட்டுல எட்டு மணி நேரம் நிக்கணும்."

நாளைக்கு எலும்பு டாக்டரிடம் போகலாம், நானே கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு அட்டையை எடுத்து என் கையில் வைத்தார், ரொம்ப வேண்டா வெறுப்பாக. மறுநாள் போனோம். டாக்டர் சொன்ன பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், ஒரு கைத்தடி, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வேறு கேட்டில் வேலை. வலி முழுசாகப் போகவே இல்லை. வயிறு மட்டும் அப்புறம் ஒரு தடவைகூட ரத்தம் கக்கவில்லை.

அக்கா என்னோடு பேச ஆரம்பித்தாள். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசினாள். மாமா பிற்காலத்தில் மகன் வீட்டு மாடிக்குக் குடிபோனார். படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இந்த வசந்தி இருக்காளே, ஒரு மாத்திரைகூடப் போட விடாம பண்ணிட்டா" என்று தெரு கேட்கத் திட்டுவார். கீழே நின்று அதைக் கேட்டிருக்கிறேன். மாடி எட்டும்வரை ஒரு படி விடாமல் திட்டுவார். பல வருஷம் அப்படித் திட்டிக்கொண்டே ஏறினார்.